தொடுதிரையும் நால்வகை வழுவும்

போச்சம்பள்ளி என்ற பெயரைக் கேட்டவுடன், தெலுங்கு நாட்டில் பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஊரையே பலரும் நினைப்பர். யாம் ஈண்டுக் குறிப்பது அதுவன்று. கிருஷ்ணகிரிக்குத் தென்கிழக்கே, மாவும் தென்னையும் புளியும் நிறைந்த நிலத்தின் நடுவே, ஞாயிறுதோறும் கூடும் பெருஞ்சந்தையால் பெயர்பெற்ற எம் ஊரையே குறிக்கின்றோம். மாடும் ஆடும் தானியமும் விலைபேசப்படும் அச்சந்தைக்கு அண்மையில், சிப்காட் தொழிற்பேட்டையில், 2021-ஆம் ஆண்டில் ஓலா நிறுவனத்தின் மின்வண்டித் தொழிற்சாலை எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அறிமுகமான எஸ்-1 ப்ரோ என்னும் ஸ்கூட்டரில், கைப்பிடிகள் இரண்டுக்கும் நடுவே 7 அங்குலத் தொடுதிரை ஒன்று பொருத்தப்பெற்றிருந்தது. ஓசூரில் செய்யப்பெறும் ஏதர் 450எக்ஸ் வண்டியிலும் அவ்வளவினதாகிய தொடுதிரையே உண்டு. முள் அசைந்து வேகங்காட்டிய வட்டங்களைக் கண்டு வளர்ந்த எம் ஊரார், இன்று கண்ணாடியை விரலால் தொட்டு வண்டியோடு பேசுகின்றனர்.

விரல் கண்ணாடியைத் தொடுங்கால் உள்ளே நிகழ்வது யாது? அத்தொடுகையை நிரல் எழுதுவோர் எவ்வாறு ஏற்றல் வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் எமக்குத் தெரிந்த அளவில் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். யாம் தமிழிலக்கியம் பயில்வோமேயன்றிப் பொறியியல் பயில்வோமல்லோம். ஆயினும் இப்பொருளை யாம் கற்க நேர்ந்தது எம் பிழை ஒன்றனால் ஆகலின், அதனை முதற்கண் ஒப்புக்கொண்டு தொடங்குகின்றோம்.

சென்ற கோடை விடுமுறையில் எம் பாட்டியார் தம் பெயரை எழுதக் கற்க விரும்பினார். எம் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றழைப்பது வழக்கு. அறுபத்தெட்டு ஆண்டுகளாக அவர் கைநாட்டே வைத்து வந்தவர். வங்கிக்குச் செல்லுந்தோறும் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்துவதும், சாட்சிக்கு யாரேனும் கிடைப்பாரோ என்று வாயிலை நோக்கி நிற்பதும் அவருக்கு உறுத்தலாயின. “ஒரு தரமாச்சும் என் பேரை நானே எழுதிட்டு வரணும், கண்ணு” என்றார். அவர் பெயர் மூன்றே எழுத்து. ஆயினும் களைக்கொத்துப் பிடித்துக் காய்த்த விரல்களிடையே பென்சில் நிற்கவில்லை. திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலாலே எழுதிப் பழகிய முன்னை முறை எம் நினைவுக்கு வந்தது. வீட்டில் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று கிடந்தது. அதனையே மணலாகக் கொள்ளலாம் என்று எண்ணினோம். கணினித் துறையில் பயிலும் நண்பர் ஒருவர் துணையால், மங்கலான எழுத்தின்மேல் விரலை ஓட்டி எழுதிப் பழகுதற்குரிய சிறு நிரலொன்றை ஒரு வாரத்தில் எழுதி முடித்தோம்.

எம் கையில் அது நன்றாகவே நடந்தது. ஆயா கையில் நடக்கவில்லை. கோடுகள் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குத் தாவின. சுழி பாதியில் அறுந்தது. ‘அழி’ என்னும் பொத்தானை ஒருமுறை தொட்டால், தவறாய் வந்த கோட்டோடு அதற்கு முன் நன்றாய் வந்த கோடும் மறைந்தது. நான்கு மாலைகள் பொறுமையோடு முயன்றபின், ஆயா டேப்லெட்டை முந்தானையால் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டார். “மிசினைக் குத்தம் சொல்லாத, கண்ணு. எனக்குத்தான் எழுத்து ஏறல” என்றார்.

யாம் நாணினோம். குற்றம் முழுதும் எம்முடையதாக, அதனை அவர் தம் விரலின்மேல் ஏற்றிக்கொண்டார். பின்னர்ச் சிந்திக்கையில், இஃது ஆயாவுக்கு மட்டும் நேர்வதன்று எனத் தெளிந்தோம். தொடுதிரை தம் சொற்கேளாதபோது பெரும்பாலோர் தம் கையையே நொந்துகொள்கின்றனர். முதியோரும் எழுத்தறியாதோரும் இன்னும் மிகுதியாக நொந்துகொள்கின்றனர். ஆதலின் விரலைச் செவ்வனே ஏற்கும் முறையை அறிதல் நிரல் எழுதுவோர்க்குக் கடமையாகின்றது.

கண்ணாடியும் விரலும்

தொடுதிரை பற்றிய கருத்து மிகப் புதியதன்று. இங்கிலாந்தில் மால்வெர்ன் நகரத்து ராடார் ஆராய்ச்சி நிலையத்திலிருந்த ஈ. ஏ. ஜான்சன் என்பார், விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்துவோர்க்கு உதவுமாறு 1965-ஆம் ஆண்டிலேயே இதனை எழுதி வெளியிட்டார். பல விரல்களை ஒருங்கே உணரும் திரை பொதுமக்கள் கையில் பரவியது 2007-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வெளிவந்தபின்னரேயாம்.

அதன் அமைப்பை நெசவாளர் தறியைக்கொண்டு எளிதில் உணரலாம். கண்ணாடியின் கீழே, இண்டியமும் வெள்ளீயமும் கலந்த ஆக்சைடால் ஆகிய மெல்லிய வரிகள், பாவும் ஊடும்போல நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடுகின்றன. அப்பொருள் மின்சாரத்தைக் கடத்தும், ஒளியையும் புகவிடும், ஆதலின் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இரு வரிகள் ஒன்றையொன்று தொடாது கடக்கும் ஒவ்வோரிடமும் ஒரு சிறு மின்தேக்கியாகும். மனித உடல் மின்னைக் கடத்துவதாகலின், விரல் அணுகுங்கால் அவ்விடத்து மின்புலத்தில் ஒரு பகுதியைத் தன்பால் ஈர்க்கின்றது. அதனால் அச்சந்தியில் மின்தேக்கம் சிறிது குறைகின்றது. திரையோடு இணைந்த சிறு சில்லு ஒன்று, எல்லாச் சந்திகளையும் நொடிக்குப் பன்முறை அளந்து, எங்கெங்குக் குறைந்தது, எவ்வளவு குறைந்தது எனக் கணிக்கின்றது. ஒரு விரல் பல சந்திகளை மூடுமாதலின், அவற்றின் குறைவுகளைச் சீர்தூக்கி, விரலின் நடுவிடம் இதுவெனத் துணிகின்றது.

இதனால் மூன்று உண்மைகள் விளங்கும். திரை உணர்வது அழுத்தத்தையன்று, மின்மாற்றத்தையே. ஆதலின் வன்மையாக அழுத்துவதனால் பயனில்லை. காய்த்து உலர்ந்த தோல் மின்மாற்றத்தை மெலிவிக்குமாதலின், உழைத்த விரலின் தொடுகை இடையிடையே அறுந்துபோதல் கூடும். நீர்த்துளியும் மின்புலத்தை மாற்றவல்லதாகலின், மழையில் நனைந்த திரை தொடாத விரலைத் தொட்டதாக மயங்கவுங்கூடும். மழையில் வண்டி ஓட்டுவோரும் களத்தில் உழைப்போரும் தொடுதிரையோடு இடர்ப்படுவதற்கு இவையே காரணம்.

சில்லு இன்னும் ஒன்று செய்கின்றது. ஒவ்வொரு தொடுகைக்கும் ஓர் அடையாள எண் தந்து, அது நகருமிடமெல்லாம் அவ்வெண்ணாலேயே தொடர்கின்றது. ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமாகிய லினக்ஸில், அவ்வெண் இருக்குமிடத்தில் −1 என்று வருமாயின் அவ்விரல் நீங்கிற்று என்பது பொருள். விரல்கள் பலவாயினும் இன்ன கோடு இன்ன விரலுக்குரியது என்று பிரித்தறிதற்கு இவ்வெண்ணே சான்று. இதனை வாசகர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். எம் வழுக்களுள் பெரியது இதனை மறந்ததனால் விளைந்தது.

நிரலுக்கு ஒரு துபாஷி

எம் சந்தையில் தெலுங்கரும் கன்னடரும் தமிழரும் கூடுவர். மூவர் பேச்சும் அறிந்த தரகர் ஒருவர் இடைநின்று விலைபேசி முடிப்பார். கும்பினியார் காலத்தில் இத்தகையோரைத் துபாஷி என்றனர். கணினியுலகிலும் இவ்விடர் உண்டு. விண்டோஸ் ஒரு விதமாகவும், ஆண்ட்ராய்டு ஒரு விதமாகவும், ஐபோன் ஒரு விதமாகவும் விரலின் செய்தியைச் சொல்லும். ஒவ்வொன்றற்கும் வெவ்வேறு நிரல் எழுதுவதாயின் வாழ்நாள் போதாது. எனவே, படம், ஒலி, விசைப்பலகை, தொடுதிரை ஆகிய எல்லாவற்றையும் ஒரே மொழியிற் பேசித் தரும் நிரல் நூலகங்கள் தோன்றின.

அவற்றுள் பெரிதும் வழங்குவது எஸ்.டி.எல். என்பது. சாம் லாண்டிங்கா என்பார் 1998-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். பல விரல்களை ஏற்கும் ஆற்றல் 2013 ஆகஸ்டில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அமைந்தது. மூன்றாம் பதிப்பு 2025 ஜனவரியில் நிலைபெற்று வெளிவந்தது. கட்டணமின்றி யாவரும் எடுத்தாளலாம். பைத்தான் மொழி பயிலும் மாணவர் நன்கறிந்த பைகேம் என்பதும் இதன்மேல் எழுந்ததே. எம் சிறு நிரலை இதன் இரண்டாம் பதிப்பைக் கொண்டே எழுதினோம்.

இந்நூலகம் விரலின் செயலை மூன்று நிகழ்வுகளாகப் பகுத்துத் தருகின்றது: விரல் பட்டது, விரல் நகர்ந்தது, விரல் எடுபட்டது. ஒவ்வொரு நிகழ்வும் ஒரு திருமுகம் போன்றது. எந்தத் திரை, எந்த விரல், எவ்விடம், முன்னிடத்தினின்று எவ்வளவு நகர்ந்தது, அழுத்தம் எவ்வளவு, எந்நேரம் என்பனவெல்லாம் அதன்கண் எழுதப்பட்டிருக்கும். திருமுகங்கள் வந்த முறையே ஒரு வரிசையில் நிற்கும். நிரலானது ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து ஆவன செய்தல் வேண்டும். அவ்வளவே. இத்துணை எளியதொன்றில் பிழைக்க இடம் எங்குளது என்று யாமும் எண்ணினோம்.

கணினியார் ‘பக்’ என்னும் பிழையைத் தமிழில் வழு என்கின்றோம். இச்சொல் இலக்கணம் தந்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் மயங்குதலை வழு என்று நன்னூலார் வகுத்தார். எம் நிரலை மீண்டும் அவிழ்த்துப் பார்த்தபோது, அவ்வேழனுள் முதல் நான்கும் அதன்கண் ஒருங்கே குடியிருக்கக் கண்டோம்.

திணை வழு

ஓரினத்தை மற்றோரினமாக மயங்குதல் திணை வழு. யாம் விரலை மௌஸ் என்று மயங்கினோம்.

மௌஸ் என்னும் சுட்டியும் விரலும் ஒன்றுபோல் தோன்றினும் இயல்பால் வேறானவை. மௌஸ் ஒன்றே. அதனை அழுத்தாதபோதும் அதன் அம்பு திரையில் ஓரிடத்தில் நிற்கும். விரலோ பல. எடுத்தபின் அதற்கு இடமென்பதே இல்லை. மௌஸுக்கு இடப்பொத்தானும் வலப்பொத்தானும் உண்டு. விரலுக்குப் பொத்தான் இல்லை.

பழைய நிரல்கள் தொடுதிரையிலும் நடக்கவேண்டுமென்று, இந்நூலகம் ஓர் உதவி செய்கின்றது. முதல் விரல் திரையிற் பட்டவுடன், விரல் நிகழ்வோடு, மௌஸ் அழுத்தப்பட்டது என்னும் போலி நிகழ்வொன்றையும் அனுப்பும். நாம் வேண்டாமென்று சொன்னாலன்றி இது தானே நடக்கும். எம் நிரலிலிருந்த பொத்தான்களை முதலில் கல்லூரிக் கணினியில் மௌஸ் கொண்டு செய்துபார்த்தோம். பின்னர் டேப்லெட்டுக்காக விரல் நிகழ்வையும் கேட்கச் செய்தோம். ஆகவே ஆயா ‘அழி’ என்பதை ஒருமுறை தொட, நிரலுக்கு இருமுறை செய்தி சென்றது. ஒரு கோட்டுக்கு இரு கோடு அழிந்தது.

தீர்வு இருவகை. போலி மௌஸ் நிகழ்வை அனுப்பற்க என்று நூலகத்துக்குத் தொடக்கத்திலேயே குறிப்புச் சொல்லிவிடலாம். அல்லது, வந்த மௌஸ் நிகழ்வு எக்கருவியினின்று வந்தது என்று பார்க்கலாம், விரலினின்று பிறந்ததாயின் அதற்கெனத் தனி அடையாளம் இட்டிருக்கும், அதனைத் தள்ளிவிடலாம். மௌஸினின்று போலி விரல் பிறப்பதும் உண்டாகலின், மறுபுறமும் அவ்வாறே காத்தல் வேண்டும்.

விரலை மௌஸாகக் கொள்ளுதல் எவ்விடத்தும் பிழையெனக் கூறுகின்றோமல்லோம். பசுவை அன்பினால் தாய் என்றழைப்பதை இலக்கணம் வழுவமைதி என ஏற்றுக்கொள்கின்றது. நான்கைந்து பொத்தான்கள் மட்டும் உடைய நிரலுக்கு இப்போலி மௌஸே போதும், அது வழுவமைதியாம். எழுதுதல், வரைதல், இரு விரலால் பெரிதாக்குதல் முதலியவற்றிற்கு அது போதாது.

பால் வழு

ஒன்றைப் பலவென்றும் பலவற்றை ஒன்றென்றும் மயங்குதலும் பால் வழுவுள் அடங்கும். எம் நிரலின் பெரும்பிழை இதுவே.

கடைசியாக விரல் இருந்த இடத்தை ஒரே ஒரு பெட்டியில் குறித்து வைத்தோம். புதிய நிகழ்வு வந்தால், அப்பெட்டியிலுள்ள இடத்தினின்று புதிய இடம் வரை கோடிழுத்தோம். யாம் ஒரு விரலால் எழுதினமையால் இது நன்கு நடந்தது. ஆயாவோ, தரையில் கையூன்றிக் கோலமிட்டுப் பழகியவர். உள்ளங்கையின் ஓரத்தைத் திரையில் ஊன்றியே எழுதினார். அவ்வோரமும் திரைக்கு ஒரு விரலே. கை ஓரத்தின் நிகழ்வும் விரலின் நிகழ்வும் மாறிமாறி வர, எம் நிரல் இரண்டுக்கும் இடையே கோடிழுத்துக்கொண்டே இருந்தது. கோடு தாவியதன் மருமம் இதுவே.

ஒவ்வொரு விரலுக்கும் தனிப்பெட்டி வைத்தலே முறை. விரல் பட்டபோது அதன் அடையாள எண்ணின் பெயரால் ஒரு பெட்டி திறக்க வேண்டும். நகர்ந்தபோது அப்பெட்டியையே திருத்த வேண்டும். எடுபட்டபோது அதனை மூடிவிட வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை. அடையாள எண் 0, 1, 2 என்று வரும் என நம்புதல் கூடாது. ஒரு கருவியில் சிற்றெண்ணாக வருவது மற்றொன்றில் மிக நீண்ட எண்ணாக வரும். அதனைப் பெயராகக் கொள்ளலாமேயன்றி வரிசை எண்ணாகக் கொள்ளலாகாது.

இனி, பெட்டிகள் பலவாயின பின்னர், அவற்றுள் எழுதும் விரல் எது என்ற வினா எழுகின்றது. முதலிற் பட்டதே எழுதும் விரல் என்று முதலில் விதித்தோம். அது பயன்படவில்லை, ஆயாவின் கையோரமே பெரும்பாலும் முந்திக்கொண்டது. பிறகு, எழுத்துத் தொடங்குமிடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்து, அதனைச் சூழ்ந்த சிறு வட்டத்துள் எவ்விரல் படுகின்றதோ அதற்கே அக்கோட்டின் உரிமை என்றும், அது நீங்கும் வரை ஏனையவற்றைப் பொருட்படுத்தற்க என்றும் விதித்தோம். கை ஓரம் அதன்பின் கிடந்தவாறே கிடந்தது, கோடு தாவவில்லை.

பால் வழு நீங்கியதா என்று சோதித்தற்கு நம் மொழியே நல்லதோர் எழுத்தைத் தந்திருக்கின்றது. ஆய்தத்தின் மூன்று புள்ளிகளையும் மூன்று விரலால் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்த்தால் போதும். மூன்றும் தனித்தனியே நின்றால் நிரல் பன்மையை அறிந்தது எனலாம்.

இட வழு

இந்நூலகம் விரலின் இடத்தைத் திரைப்புள்ளிகளாற் கூறுவதில்லை. இடக்கோடியை 0 என்றும் வலக்கோடியை 1 என்றும் கொண்டு, இடையிலுள்ளதைப் பின்னமாகக் கூறுகின்றது. மேலிருந்து கீழும் அவ்வாறே. மௌஸின் இடத்தையோ புள்ளிக் கணக்கிற் கூறும். இவ்வேறுபாட்டை அறியாதார் எழுதும் முதல் நிரலில், எங்குத் தொட்டாலும் திரையின் மேல் இடக்கோடியில் ஒரே புள்ளி தோன்றும். எமக்கும் தோன்றிற்று.

இதனைத் திருத்துதல் எளிது. குறுக்கே 0.5, நெடுக்கே 0.25 என வந்ததாகக் கொள்வோம். 1280-க்கு 800 புள்ளி உடைய டேப்லெட்டில் அஃது 640, 200 ஆகும். 720-க்கு 1600 புள்ளி உடைய கைப்பேசியில் 360, 400 ஆகும். பின்னமாகத் தருவதன் நன்மையும் இதுவே: திரை எவ்வளவினதாயினும் கணக்கு ஒன்றே.

ஆயின் இதனுள் நுண்ணிய வழு ஒன்று மறைந்திருந்தது. பச்சைப் புள்ளியைச் சூழ்ந்த வட்டத்தின் ஆரத்தைப் பின்னக் கணக்கிலேயே 0.05 என்று வைத்தோம். எம் டேப்லெட்டில் அது குறுக்கே 64 புள்ளி; நெடுக்கே 40 புள்ளியே. யாம் வட்டம் என்று கருதியது திரையில் நீள்வட்டமாய்க் கிடந்தது. ஆயா பக்கவாட்டில் விலகித் தொட்டால் ஏற்றுக்கொண்ட நிரல், அதே அளவு கீழே விலகித் தொட்டால் மறுத்தது. தொலைவை அளக்குமுன் பின்னத்தைப் புள்ளியாக மாற்றிக்கொள்ளுதல் வேண்டும் என்பதை இதனாற் கற்றோம்.

கால வழு

விரலின் வாழ்வுக்குத் தொடக்கம், நடு, முடிவு என மூன்று நிலை உண்டு. அவற்றைத் தத்தம் காலத்தில் ஏலாதது கால வழு. எம் நிரலில் அது மூன்று வடிவில் தோன்றியது.

முதலாவது, தாமதம். எம் நிரல் படத்தை நொடிக்கு 60 முறை புதுக்கியது. ஒவ்வொரு முறையும் வரிசையினின்று ஒரே ஒரு திருமுகத்தை எடுத்துப் படித்தது. திரை நொடிக்கு 120 திருமுகம் அனுப்புவதாகக் கொள்வோம். இரண்டு நொடி எழுதினால் 240 வந்திருக்கும். 120 மட்டுமே படிக்கப்பட்டிருக்கும். எஞ்சியவற்றைப் படிக்க மேலும் இரண்டு நொடி வேண்டும். விரல் முன்செல்ல மை பின்னே இழுபட்டு வரும். ஒவ்வொரு முறையும் வரிசை வெறுமையாகும் வரை அனைத்தையும் படித்துவிட்டுப் பின்னரே படம் வரைதல் வேண்டும்.

இரண்டாவது, அறுதல். முன்னர்க் கூறியாங்கு, காய்த்த விரலின் தொடுகை ஒரு கணம் மெலிந்து மீளுங்கால், விரல் எடுபட்டது என்றும் உடனே வேறோர் அடையாள எண்ணோடு புதுவிரல் பட்டது என்றும் செய்தி வருகின்றது. நிரலின் கணக்கில் ஒரு விரல் இறந்து மற்றொன்று பிறந்தது; ஆயாவின் கணக்கில் அவர் விரலை எடுக்கவே இல்லை. சுழி பாதியில் அறுந்தது இதனாலேயாம். நொடியில் ஐந்திலொரு பங்குக்குள், 40 புள்ளித் தொலைவுக்குள் மீண்டும் ஒரு தொடுகை வருமாயின், அதனைப் பழைய கோட்டின் தொடர்ச்சியாகவே கொள்க என்று விதித்தோம். இவ்வளவுகள் ஆயாவின் கைக்கு ஏற்றவை. பிறர் தத்தம் பயனுக்கேற்ப அளந்து கொள்ளலாம்.

மூன்றாவது, நீக்கம். எழுதிக்கொண்டிருக்கையில் கருவி இடையிட்டு விரலைத் தன்வயமாக்கிக் கொள்வதுண்டு. அப்போது விரல் இயல்பாய் எடுபடவில்லை. அதன் செயல் நீக்கப்பட்டது. இவ்விரண்டும் வேறு. எடுபட்டதாயின் கோடு முற்றிற்று என்று ஏற்கலாம். நீக்கப்பட்டதாயின் அக்கோட்டை விட்டுவிடுதல் தகும். இரண்டாம் பதிப்பில் இதற்குத் தனி நிகழ்வு இல்லை. மூன்றாம் பதிப்பில் நீக்கம் என்பது தனியொரு நிகழ்வாகவே தரப்பட்டுள்ளது. புதிதாகத் தொடங்குவோர் அப்பதிப்பையே கைக்கொள்வது நன்று.

இரு விரலால் சுருக்குதல், விரித்தல் முதலிய சைகைகளை இரண்டாம் பதிப்பு தானே கணித்துத் தந்தது. மூன்றாம் பதிப்பில் அப்பகுதியை நூலகத்தின் நடுவினின்று பிரித்துவிட்டனர். விரல்தோறும் பெட்டி வைக்கக் கற்றவர்க்கு அஃதோர் இழப்பன்று. இரு பெட்டிகளின் இடைத்தொலைவு கூடுகின்றதா குறைகின்றதா என்று பார்த்தலே சைகையின் கணக்கு.

முடிவுரை

நான்கு வழுவையும் களைய எமக்குப் பதினொரு நாள் ஆயிற்று. முதல் நிரலை எழுதியதினும் அது நெடிது. அலமாரியினின்று டேப்லெட்டை எடுத்து ஆயாவிடம் நீட்டியபோது அவர் வாங்க மறுத்தார். கோடு தாவியது அவர் கையால் அன்று, யாம் அவர் கையை எண்ணாமல் எழுதியதால் என்று இருமுறை சொல்லவேண்டியிருந்தது. ‘அப்படியா’ என்று எம் முகத்தைச் சற்றே பார்த்தார். பின் வாங்கிக்கொண்டார். அன்று மாலை முதலெழுத்து முழுதாய் வந்தது. நடு எழுத்தின் சுழி வர ஆறு நாள் சென்றது. விடுமுறை முடியுமுன், சென்ற ஆண்டு நாட்காட்டியின் பின்புறத்தில், பென்சிலால் மூன்றெழுத்தையும் எழுதிக் காட்டினார். சுழி இன்னும் சற்றே கோணல்தான்.

இப்பொருளில் முயலும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றோம். நிரலைத் தம் விரலால் மட்டும் சோதித்து அமைதல் கூடாது. உள்ளங்கையை ஊன்றிப் பார்க்க. ஈரவிரலால் தொட்டுப் பார்க்க. மூன்று விரலை ஒருங்கே வைத்துப் பார்க்க. எழுதும்போதே வேறொருவரை அழைக்கச் சொல்லிப் பார்க்க. இவை முடிந்தபின், உழைத்துக் காய்த்த கையுடையார் ஒருவரிடம் கொடுத்து, யாதும் பேசாது அருகமர்ந்து பார்க்க. எம் நிரலில் வழு நேரின் கோடொன்றே அழியும். ஓடும் வண்டியின் திரையில் நேரின், சாலையில் இருக்கவேண்டிய கண் கண்ணாடிக்குச் செல்லும். இன்று எம் ஊரில் தொடுதிரை வண்டிகள் பலவாக, இவ்வறிவு இங்குப் பயிலும் எவர்க்கும் என்றேனும் வேண்டப்படும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வங்கிக்கு உடன்வருவதாக ஆயாவிடம் சொல்லியிருக்கின்றோம். கையெழுத்து மாற்றத்திற்குரிய படிவத்தை அவர் இப்பொழுதே வாங்கி வைத்துக்கொண்டார் என்று வீட்டிலிருந்து செய்தி வந்தது.